பயற்றம்மா, மஞ்சள், சந்தனம்: முகம் தேய்த்துக் கழுவிய வரலாறு

 

தரம் 9, 10 பிள்ளைகளோடு பழகும் ஆசிரியர்கள் நாங்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "டீச்சர், எதப் போட்டா வெள்ளையாகலாம்?" பாடப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

சவர்க்காரம் கடைக்கு வருவதற்கு முன்பும் மனிதர்கள் முகம் கழுவத்தான் செய்தார்கள். எமது உம்மும்மாமார் பயறை வெயிலில் காயவைத்து, அரைத்து, அரித்து வைத்துக்கொண்டார்கள். தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தமிழ்ச் சகோதரிகளுக்கு அதுவே நலங்கு மாவு. அதில் கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் சேரும். சிங்களக் கிராமங்களில் வெனிவெல்கெட்ட என்னும் மரமஞ்சளும் சந்தனமும் கைகொடுத்தன. மூன்று சமூகத்துக்கும் பொருளில் சின்னச் சின்ன வித்தியாசம். வேலை ஒன்றுதான்: எண்ணெயையும் அழுக்கையும் எடுப்பது, காய்ந்த தோலை உதிர்ப்பது.

சந்தனத்துக்கு நாங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இலங்கையில் வெண்சந்தனம் இயற்கையாக வளரும் இடங்களில் எமது ஊவாவின் வெலிமடைப் பகுதியும் ஒன்று. தன் வேரை மற்ற மரங்களின் வேரில் பொருத்தி உணவு எடுக்கும் அதிசய மரம் அது. விலை ஏறியதால் களவாக வெட்டுவதும் கூடியது. இன்று கடையில் "சந்தனத் தூள்" என்று விற்பதெல்லாம் சந்தனமாக இருக்காது என்பதற்குக் காரணம் இதுதான்.

எமது மார்க்க அறிஞர்களும் மருத்துவர்களும் இந்த விடயத்தை அற்பமாக நினைக்கவில்லை. குர்துபாவில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, சத்திரசிகிச்சையின் முன்னோடி என்று உலகமே மதிப்பவர். 1000 ஆம் ஆண்டளவில் அவர் முடித்த "அத்தஸ்ரீப்" 30 பாகங்கள் கொண்டது. அதில் 19 ஆம் பாகம் முழுக்க நறுமணமும் அழகுப் பராமரிப்பும். துருக்கியிலும் மொரோக்கோவிலும் ஹம்மாம்களில் சொரசொரப்பான கையுறையால் உடம்பைத் தேய்த்து அழுக்கு எடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. அங்கெல்லாம் நோக்கம் சுத்தம்.

அப்படியானால் சுத்தம் எப்போது வெள்ளையாக மாறியது?

நிறத்தைப் பார்க்கும் புத்தி எமது சமூகங்களில் பழையது. கம்பனிகள் வந்து புதிதாகக் கற்றுத் தரவில்லை. மஞ்சள் பூசியதிலும் "நிறம் எடுப்பாக இருக்கும்" என்ற எண்ணம் கலந்தே இருந்தது. ஆனால் அதை வியாபாரமாக்கியது வேறு கதை. 1880களில் இங்கிலாந்தின் பியர்ஸ் சவர்க்கார விளம்பரம் ஒன்றில், கறுப்பினக் குழந்தை குளித்ததும் உடம்பு வெள்ளையாகிவிடும். கறுப்பு என்றால் அழுக்கு என்று படம் போட்டே சொன்னார்கள். அதே காலத்தில்தான் எமது மலைகளில் கோப்பி அழிந்து தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. 1924 இல் ரயில் பதுளையை எட்டிய பின் கொழும்புச் சாமான்கள் மலைக்கு ஏறுவதும் இலகுவானது. 1975 இல் இந்தியாவில் ஃபெயார் அன்ட் லவ்லி அறிமுகமானது. பெண்ணின் நிறம் மாறினால் வேலையும் கலியாணமும் கைகூடும் என்பதுதான் பல வருடமாக அதன் விளம்பரக் கதை. 2020 இல் உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்பியபோது பெயரில் இருந்த "ஃபெயார்" போய் "க்ளோ" வந்தது. கலியாணப் பேச்சில் "பிள்ளை வெள்ளையா?" என்ற கேள்வி மட்டும் போகவில்லை.

தேய்த்துக் கழுவும் பழக்கமும் கம்பனிக்குப் போனது. ஸ்க்ரப் என்ற பெயரில் டியூபில் வந்தவற்றில் நீண்ட காலம் நுண்ணிய பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. முகத்தில் தேய்த்தது கானில் போய், ஆற்றில் கலந்து, கடலில் மீனின் வயிற்றுக்குள் போனது. அமெரிக்கா 2015 இல் அதற்கெதிராகச் சட்டம் இயற்றியது. பிரித்தானியா 2018 இல் தடைசெய்தது. பயற்றம்மாவுக்கு அப்படி ஒரு சட்டம் தேவைப்படவில்லை.

ஆனால் வீட்டுப் பொருள் என்றாலே ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். 2019 டிசம்பரில் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கொரோனா வந்து வாசலெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்த நேரத்தில் ஒரு கிலோ ஆயிரக்கணக்கில் விற்றது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து மன்னார், புத்தளம் பக்கம் கடத்தி வந்து பிடிபட்டதும் செய்தியானது. அப்போது தூளில் அரிசி மா, கோதுமை மா கலந்தார்கள். பங்களாதேஷில் இதைவிட மோசம்: நிறம் தூக்கலாகத் தெரிய மஞ்சளில் ஈயக் குரோமேட் சேர்த்தது ஆய்வில் வெளியாகி, 2019 க்குப் பின் அரசு கடுமையாக நடவடிக்கை எடுத்து நிறுத்தியது. முடிந்தவரை கிழங்காக வாங்கி அரைப்பது நல்லது.

இனி விஞ்ஞானம். எமது தோலின் மேல்படை இறந்த கலங்களால் ஆனது. ஏறக்குறைய 4 வாரத்தில் அது தானாகவே புதுப்பிக்கப்படுகிறது. நாங்கள் தேய்ப்பது அந்த வேலைக்கு ஒரு சின்ன உதவி, அவ்வளவுதான். நிறத்தைத் தரும் மெலனின் அதற்குக் கீழே உருவாகிறது. எந்த மாவும் அதை அழிக்காது. அழிக்கத் தேவையும் இல்லை. வெயிலில் கொழுந்து பறிக்கும் தாய்மாரின் தோலைக் காப்பதே அந்த மெலனின்தான்.

தேசிக்காய்ச் சாற்றை முகத்தில் பூச வேண்டாம். தோலின் இயல்பான அமிலத்தன்மை pH 5 அளவு, தேசிக்காய் 2 அளவு. பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்த தழும்பு வரலாம். சீனி, உப்பு, கோப்பித்தூள் கைகாலுக்குப் பரவாயில்லை, முகத்துக்குக் கரடுமுரடு. பரு இருந்தால் எதையும் தேய்க்க வேண்டாம், பரவும். 2 தேக்கரண்டி நைசாக அரித்த பயற்றம்மா, சிட்டிகை மஞ்சள், கொஞ்சம் தயிர். விரல் நுனியால் அரை நிமிடம். வாரத்துக்கு ஒரு முறை போதும்.

உண்மையான பயம் வேறு. லேபல் இல்லாமல், செய்தவர் பெயர் இல்லாமல், "7 நாளில் வெள்ளை" என்று கைமாறும் கிரீம்கள். வேகமாக வெளுக்க வைக்கும் இப்படியான சில கிரீம்களில் பாதரசம் இருப்பதை உலகின் பல நாடுகளில் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், கர்ப்பத்தில் உள்ள சிசுவையும் தொடும். அதனால்தான் 2017 இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை அழகுசாதனத்தில் பாதரசத்தைத் தடுத்தது. இலங்கையும் அதில் ஒரு தரப்பு. ஆனால் 15 வயதுப் பிள்ளை கைச்செலவுக் காசில் கிரீம் வாங்கும்போது உடன்படிக்கை பக்கத்தில் நிற்காது. உம்மாதான் நிற்க வேண்டும்.

வெள்ளையருக்குக் கறுப்பரைவிட மேன்மை இல்லை என்பது எமது நபியவர்களின் (ஸல்) இறுதிப் பேருரையின் செய்தி. மிம்பரில் கேட்டுவிட்டு, பெண் பார்க்கப் போகும் இடத்தில் அதை மறந்துவிடுகிறோம். பிள்ளைகள் இரண்டையும் கவனிக்கிறார்கள்.

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். இந்த வாரம் பிள்ளையின் மேசையில் இருக்கும் கிரீமை எடுத்துப் பாருங்கள். உள்ளடக்கமும் செய்தவர் விலாசமும் இல்லாவிட்டால் நிறுத்தச் சொல்லுங்கள். ஏசாமல் சொல்லுங்கள். தோல் சிவந்தோ மெலிந்தோ இருந்தால் ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக் கூட்டிப் போங்கள். கிரீமையும் கையோடு கொண்டு போங்கள், டொக்டர் பார்க்க வேண்டும்.

அல்லாஹ் எமது பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தைத் தருவானாக.