படத்தில விழாத ஆக்கள்

ஓகஸ்ட் லீவு, கச்சான் காத்து அடிக்கிற நாட்கள். நாங்க அஞ்சாறு பேர் போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்கக் கிளம்புவோம். காலையில கல்முனை பஸார், மறுகா வயல் பக்கம், பின்னேரம் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளி. ஒரு தும்பிக்காக வரம்பில அரை மணித்தியாலம் குந்தியிருக்கிற ஆக்களும் எங்களுக்குள்ள இருக்காங்க. தெருவும் வயலும் பூச்சியும் கெமராவுக்குள் எப்படி வந்தன என்று தேடிப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது: ஆரம்பத்தில் அசையாமல் நின்றவை மட்டும்தான் படத்தில் விழுந்தன.

1838இல் லூயி டாகெர் பாரிஸின் பெருந்தெரு ஒன்றை மேலிருந்து படம் எடுத்தார். பட்டப்பகல், சன நடமாட்டமுள்ள தெரு. படத்திலோ வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒளி பதியச் சில நிமிடங்கள் பிடித்ததால் நடந்தவர்கள் எல்லாரும் கரைந்துபோனார்கள். சப்பாத்தைப் பொலிஷ் பண்ணக் காலை நீட்டிக்கொண்டு நின்ற ஒருவர் மட்டும் தெரிகிறார். அவருடைய பெயர் தெரியாது.

ஜூலியா மார்கரெட் கெமரன் (பெயரைப் பாருங்க!) 1875இல் இலங்கைக்கு வந்தபோது நிலைமை கொஞ்சம் மேல். ஆனாலும் கண்ணாடித் தட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காயமுன் எடுத்து, காயமுன் கழுவ வேண்டும். அந்தச் சுமையோடு ஊர் ஊராக நடக்க ஏலுமா? இங்கே அவர் எடுத்த உள்ளூர் மனிதர்களின் படங்கள் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. அதில் இருக்கிற ஆக்களில் பெரும்பாலானவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

வண்ணத்துப்பூச்சி யாருக்காகவும் நிற்காது. அதனால் அந்தக் காலத்தில் அதைக் கையால்தான் வரைந்தார்கள். பேராதனைப் பூங்காவின் ஓவியக் குடும்பத்தைச் சேர்ந்த வில்லியம், ஜோர்ஜ் டி அல்விஸ் சகோதரர்கள் வரைந்தவை பிரெடெரிக் மூரின் 'லெபிடொப்டெரா ஒஃப் சிலோன்' (1880–1887) என்ற 3 தொகுதிகளில் வந்தன. பெயர் கிடைத்த கலைஞர்கள் என்பதில் எங்களுக்கு ஒரு சந்தோசம்.

சின்னக் கெமராவும் பிலிம் ரோலும் வந்த பிறகுதான் நடந்து நடந்து படம் எடுக்கிறது சுலபமானது. கொழும்பின் லயனல் வென்ட் அப்படி எடுத்தவர். 1934இல் இலங்கைப் புகைப்படச் சங்கம் தொடங்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1944இல் இறந்தார். அவருடைய நெகட்டிவ்கள் அழிந்துபோயின. பிரிண்டுகள் மிஞ்சியதால்தான் 1950இல் அவரது படங்கள் புத்தகமாக வந்தன, நாங்களும் இண்டைக்குப் பார்க்கிறோம்.

இந்த இடத்தில்தான் கதை எங்கட ஊருக்குள்ள வருகிறது. எங்களில் மூணு பேரின் மூத்தம்மாமாருக்கு முதல் படமே அடையாள அட்டைக்காக ஸ்டூடியோவில எடுத்ததுதான். பிறகு கலியாணம், பெருநாள் என்று வீட்டுக்கு ஒரு அல்பம் சேர்ந்தது. 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தது. இலங்கையில் கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000க்கும் மேல். ஆக்களைத் தேடின நாட்களில் அல்பத்தை யார் தேடுவாங்க? கரையோர வீடுகள் எத்தனையோவற்றில் மையித்தானவர்களின் முகத்தைப் பார்க்க ஒரு படம்கூட மிஞ்சல்ல. சுனாமிக்கு முந்தின தெரு எப்படி இருந்தது என்று காட்டவும் எங்கட கையில ஒன்றுமில்லை.

எங்களில் ஒருவரின் வீட்டில ஒரே ஒரு கலியாணப் படம் தப்பியது. சவூதிக்குப் போன மாமா தன்ட பெட்டியில ஒரு கொப்பி வச்சிருந்ததால. மாப்பிள்ளை வீட்டு வாசலில எல்லாரும் விறைப்பாக நிக்காங்க. பின்னால தெருவில ஒரு சைக்கிள்காரர், பாதி கலங்கலாக. கடற்கரைக்கு மீன் எடுக்கப் போறவர் போல.

யார் இது என்று மூத்தம்மாட்ட கேட்டோம். கண்ணாடியைப் போட்டுப் பார்த்திட்டு டக்கெண்டு பேரைச் சொன்னா. அதைப் படத்தின் பின்பக்கத்தில பென்சிலால எழுதி வச்சிருக்கோம்.