பாபநாசம் அருவியும் ஒரு கல்கத்தா தூரிகையும்

சங்க மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, "இப்ப நான் படம் வரையக் கத்துக்கிட்டிருக்கேன் சார், சரித்திரமெல்லாம் விட்டாச்சு" என்றேன். "அப்ப அந்தச் சரித்திரத்தையே எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். யோசித்துப் பார்த்ததில் அவர் சொன்னது சரியென்றே பட்டது.

நிலத்தை ஐந்தாகப் பகுத்து, அதன்மேல் பாட்டுக்கு இலக்கணம் கட்டியவர்கள் நாம். குறிஞ்சியும் மருதமும் பேசாத தமிழ் மேடை உண்டா? ஆனால் அந்த நிலத்தை மட்டும் தனியே ஒரு படமாக வரையும் வழக்கம் நம்மிடம் பெரும்பாலும் இருந்ததில்லை. சித்தன்னவாசலின் தாமரைக் குளத்தில்கூடப் பூப்பறிக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். கதையோ தெய்வமோ இல்லாத வெறும் மலையும் வானமும் நீர்வண்ணத்தில் தாளில் ஏறியது, இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் கையால்தான்.

நான் அம்பாசமுத்திரத்துக்காரன். பத்தொன்பது வயதில் வேலைக்காகக் கல்கத்தா வந்தவன். ஓய்வு பெற்ற பிறகு, தெற்குக் கல்கத்தாவில் ஒரு வங்காளி ஆசிரியர் வீட்டில் ஞாயிறுதோறும் நீர்வண்ணம் பயில்கிறேன். முதல் ஆறு மாதம் ஏரிக்கரை மரங்களோடு போராட்டம். பிறகு ஒருநாள் பழைய புத்தகம் ஒன்றில் எங்கள் பாபநாசம் அருவியின் படத்தைப் பார்த்தேன். வரைந்தவர்கள் டேனியல்கள். அங்கிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது.

இருட்டுப் பெட்டியும் பல்லக்கும்

தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் 1786-இல் கல்கத்தாவில் வந்து இறங்கினார்கள். சித்தப்பாவுக்கு 36 வயது இருக்கும், பையனுக்குப் பதினாறு. முதலில் கல்கத்தா நகரக் காட்சிகள் பன்னிரண்டைச் செதுக்கி அச்சிட்டு விற்றார்கள். வடக்கே இமயமலை அடிவாரம் வரை சுற்றிவிட்டு, வரைந்த ஓவியங்களைக் குலுக்கல் சீட்டு வைத்து விற்று, அந்தப் பணத்தில் 1792-இல் சென்னைக்குக் கப்பலேறினார்கள்.

அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. திப்புவிடமிருந்து கம்பெனி கையகப்படுத்திய பாராமகால் பகுதியின் மலைக்கோட்டைகளை, ராயக்கோட்டை முதலியவற்றை, பட்டாளம் போன தடத்திலேயே போய் வரைந்தார்கள். இங்கிலாந்தில் அந்தப் படங்களுக்கு வாங்குவோர் இருந்தார்கள். நிலக்காட்சி என்பது வெறும் அழகுணர்ச்சியால் மட்டும் இங்கே வரவில்லை. வெற்றியின் பின்னாலும் வந்தது. பிறகு திருச்சி மலை, தஞ்சைப் பெரிய கோயில், மதுரைப் புதுமண்டபம், குற்றாலம், பாபநாசம், குமரிமுனைப் பக்கம் என்று பல்லக்கிலும் நடையிலுமாகப் போனார்கள்.

அவர்கள் வரைந்த முறை சுவையானது. கையில் ஓர் இருட்டுப் பெட்டி. லென்ஸ் வழியே வரும் ஒளியைக் கண்ணாடி திருப்பிவிட, எதிரே இருக்கும் காட்சி தாளில் விழும். அதன்மேல் பென்சிலை ஓட்ட வேண்டியதுதான். பிறகு நிழல் விழும் இடமெல்லாம் சாம்பல் நிறம் பூசி, அது காய்ந்தபின் மேலே மெல்லிய வண்ணம். லண்டனில் ரீவ்ஸ் சகோதரர்கள் 1780 வாக்கில் சோப்புக்கட்டி போல் கெட்டியான வண்ணக்கட்டிகள் செய்து விற்கத் தொடங்கியிருந்தார்கள். அதற்கு முன் ஓவியன் தானே நிறத்தை அரைத்துக் கோந்து சேர்க்க வேண்டும். பையில் போட்டுக்கொண்டு போகும்படி வண்ணம் கட்டியானதால்தான் ஓவியனும் வெளியே நடக்க முடிந்தது. அந்தப் பெட்டிகளில் பின்னாளில் புகழ் பெற்ற 'இந்திய மஞ்சள்', மாவிலை தின்ற பசுவின் மூத்திரத்திலிருந்து பீகாரின் முங்கேர் அருகே எடுக்கப்பட்டது. நம் மண்ணின் நிறம் அங்கே போய்க் கட்டியாகித் திரும்பி வந்தது!

ஊர் திரும்பியபின் 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் 144 படங்களை வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்றுதான் நான் பார்த்த பாபநாசம்.

சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் நடுவே

இந்தக் கலை நம்மவர் கைக்கு வந்ததில் நம் இரண்டு ஊர்களுக்கும் பங்குண்டு. சென்னைக் கலைப்பள்ளியை 1850-இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். அதே பள்ளியில் 1884 முதல் பணியாற்றிய ஈ.பி. ஹாவெல், 1896-இல் கல்கத்தா வந்து, அவனீந்திரநாத் தாகூரைக் கண்டெடுத்தார். 1903-இல் ஜப்பானிலிருந்து யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ என்ற இரு ஓவியர்கள் இங்கே வந்தார்கள். தைக்கான் வண்ணத்தின் மேல் நீர் ஓட்டுவதைப் பார்த்த அவனீந்திரர், அதைத் தம் வழியில் மாற்றினார்: வரைந்த தாளையே தண்ணீரில் முக்கி, உலர்த்தி, மறுபடி வரைவது. கோடுகள் கரைந்து, பனிமூட்டம் போல ஒரு நிறம் நிற்கும். 'வாஷ்' என்று இங்கே சொல்வது இதைத்தான்.

அவனீந்திரரின் மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929-இல் சென்னைப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவரானார். மெரினாவின் உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். அவரிடம் 1936 முதல் 1940 வரை பயின்ற கே.சி.எஸ். பணிக்கர், தொடக்கத்தில் நீர்வண்ண நிலக்காட்சிகளுக்காகவே பெயர் பெற்றவர். 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கியவரும் அவரே. ஆகச் சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு ஓர் ஆசிரியரும், கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு ஓர் ஆசிரியரும். கொடுக்கல் வாங்கல் சரியாகிவிட்டது எனலாம்.

மிச்சம் வைத்த வெள்ளை

டேனியல் படத்தைப் பார்த்துப் பாபநாசம் அருவியை வரைந்து, மாஷ்டர் மோஷாயிடம் பெருமையாக நீட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "நன்றாக இருக்கிறது. நீங்கள் எங்கே நின்று பார்த்தீர்கள்?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அப்பா காரியத்துக்குப் பாபநாசம் படித்துறையில் முழுக்குப் போட்டபோதுகூட, மேலே ஏறி அருவியைப் பார்க்கவில்லை. திரும்பும் ரயில் டிக்கெட் உறுதியாகவில்லையே என்ற கவலை. ஐம்பது கிலோமீட்டருக்குள் இருந்த அருவிகளை விட்டுவிட்டு, 230 வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் பார்த்ததைக் காப்பி அடித்திருக்கிறேன்!

அடுத்த முறை ஊருக்குப் போனபோது தாளும் வண்ணமுமாக மேலே போனேன். டேனியல் படத்தின் பெருவெள்ளம் இல்லை. 1940-களில் மேலே அணையும் மின் நிலையமும் வந்தபின் தாமிரபரணியின் ஓட்டம் மனிதன் கணக்குப்படிதான். அந்த வகையில் டேனியல்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். அணைக்கு முந்திய ஆற்றுக்கு அவர்கள் படம் ஒரு சாட்சி. ஆனால் அவர்கள் நின்ற இடத்தை நான் தேடவில்லை. நிழலாக ஒரு பாறை பார்த்து உட்கார்ந்தேன்.

நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பூசுவதில்லை. தாளை அப்படியே விடுவது. எனவே அருவியை வரைய முடியாது. இருபுறமும் பாறையை வரைந்தால், தொடாமல் விட்ட இடம் அருவியாகிவிடும். "ஜோல்கே ஜேதே தின்" என்பார் என் ஆசிரியர். தண்ணீரை அதன் போக்கில் போக விடுங்கள் என்று அர்த்தம். அன்றைக்குத்தான் அது புரிந்தது. பக்கத்தில் குளிக்க வந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "என்னய்யா, தண்ணியவே காணோம்?" என்றார். "அந்த வெள்ளைதான் அண்ணாச்சி தண்ணி" என்றேன். சற்றுத் தள்ளி நின்று பார்த்தவர், "ஆமா, விழுதுல்லா!" என்று சிரித்தார்.

பாறை கோணல், மரம் சரியில்லை. ஆசிரியரிடம் காட்டினேன். இந்த முறை எங்கே நின்றீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

வெளியூரில் வாழும் நம்மில் பலர் சொந்த ஊரைப் புகைப்படத்திலும் பிறர் எழுத்திலும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த முறை போகும்போது ஒரு பென்சிலாவது கொண்டு போங்கள். படம் நன்றாக வராவிட்டாலும் பரவாயில்லை. ஒரு மணி நேரம் ஊரை நிமிர்ந்து பார்த்திருப்பீர்கள்.