படத்துக்குள் ஒரு குறிப்பேடு

நிலவை ஒளிப்படம் எடுக்கிறோம். படச்சில்லின் மீது விழுந்த பிம்பத்தின் விட்டம் 1.8 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். இதிலிருந்து நிலவின் கோண விட்டத்தைக் கணிக்க முடியுமா? லென்ஸின் குவியத்தூரம் தெரிந்தால் முடியும். அது 200 மில்லிமீட்டர் என்றால், கோண விட்டம் ஏறத்தாழ அரைப்பாகை. குவியத்தூரம் தெரியாவிட்டால் அது வெறும் படமே; அளவீடு ஆகாது.

ஆகவே, படத்தோடு குறிப்பும் இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் பிலிம் காலத்திலேயே தோன்றிவிட்டது. ஹென்றி கெய்ஸ்மன் என்பார் கண்டுபிடித்த ஒரு முறையைக் கோடக் நிறுவனம் 3,00,000 டாலருக்கு வாங்கி, 1914ஆம் ஆண்டில் தன் காமிராக்களில் புகுத்தியது. காமிராவின் முதுகிலுள்ள சிறு கதவைத் திறந்து, எழுத்தாணியால் குறிப்பு எழுதலாம். பிலிமைக் கழுவியதும் அவ்வெழுத்து படத்தின் ஓரத்தில் தெரியும்.

எண்முறைக் காமிரா வந்தபின் இவ்வேலையைக் காமிராவே ஏற்றது. 1995இல் ஜப்பானிய மின்னணுத் தொழில் வளர்ச்சிச் சங்கம் 'எக்ஸிஃப்' என்ற தரத்தை வகுத்தது. இதில் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. ஒளிபடும் நேரத்துக்கு 33434; துளை எண்ணுக்கு 33437; குவியத்தூரத்துக்கு 37386. கணிப்பொறி நிரல் இவ்வெண்களைத் தேடியே செய்தியைப் படிக்கிறது. 1/60 வினாடி என்பது தசமமாக அன்றி, 1, 60 என்ற இரு முழு எண்களாகவே பதிவாகும். எனவே துல்லியம் கெடுவதில்லை.

ஆயினும் ஒரு குறை இருந்தது. காமிராவின் பெயருக்கு இடம் இருந்தது. லென்ஸின் பெயருக்கு இல்லை! அதனை நிறுவனங்கள் 37500 என்ற எண்ணின்கீழ், தத்தம் சொந்த முறையில் எழுதி வைத்தன. அம்முறைகளை அவை பொதுவாக வெளியிடவில்லை. ஃபில் ஹார்வி என்பவர் 2003இல் வெளியிட்ட 'எக்ஸிஃப்டூல்' என்ற இலவச நிரல், இம்மறைகுறிகளை ஒவ்வொன்றாக விடுவித்து வந்தது. 2010இல் வந்த 2.3ஆம் பதிப்பில்தான் லென்ஸின் பெயருக்கு 42036 என்ற எண் கிடைத்தது. பதினைந்து ஆண்டுத் தாமதம்!

இன்று வேறோர் இடர் உள்ளது. பதிவேற்றிய படத்தைச் சுருக்கும் நிரல்கள் பலவும் இக்குறிப்பேட்டை உதறிவிடுகின்றன. நிரல் எழுதும் மாணவர்கள் இதனை மறத்தலாகாது. முதலில் குறிப்பைப் படித்துத் தனியே சேமியுங்கள். பின்னர்ப் படத்தைச் சுருக்குங்கள். வரிசை மாறினால் லென்ஸின் குவியத்தூரம் போய்விடும். அதனோடு நிலவின் அரைப்பாகையும் போய்விடும்.