ஹுட்ஹுட் புயலும் இமயமலைப் பனிப்பொழிவும் (2014)

ஹுட்ஹுட் புயல் 2014 அக்டோபரில் வங்கக் கடலில் உருவானது. கொண்டலாத்திப் பறவையைக் குறிக்கும் இந்த அரபுப் பெயரை வழங்கிய நாடு ஓமான்.

அக்டோபர் 7 அன்று அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகத் தோன்றி, மறுநாளே புயலாக வலுப்பெற்றது. இந்திய வானிலை ஆய்வுத் துறை செயற்கைக்கோள், ரேடார் மூலம் அதன் பாதையைத் தொடர்ந்து கணித்து அறிவித்தது. ஆந்திரா, ஒடிசா கடலோரங்களிலிருந்து லட்சக்கணக்கானோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். அக்டோபர் 12 அன்று புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது.

நிலத்தில் காற்றின் வேகம் தணிந்தாலும் ஈரப்பதம் குறையவில்லை. வடக்கே நகர்ந்து உத்தரப் பிரதேசத்தை அடைந்த அந்தத் தாழ்வுப் பகுதியின் ஈரக்காற்று, மேற்கிலிருந்து வந்த குளிர்க்காற்றுடன் சேர்ந்து இமயமலையில் மோதியது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியசு குறையும். ஆகவே அடிவாரத்தில் மழையாகப் பெய்தது, மேலே பனியாகக் கொட்டியது.

அக்டோபர் 14 அன்று நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில், 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் லா கணவாயைக் கடந்துகொண்டிருந்த மலையேறிகளும் வழிகாட்டிகளும் பனிப்புயலில் சிக்கினர். பனிப்புயலாலும் பனிச்சரிவுகளாலும் நேபாளத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அது மலையேற்றப் பருவம் என்பதால் பாதையில் கூட்டம் மிகுந்திருந்தது. வரப்போகும் ஆபத்து அவர்களில் பலருக்குத் தெரியவில்லை.

1995 நவம்பரிலும் வங்கக் கடல் புயலொன்று எவரெஸ்ட் பகுதியில் உயிர்ப்பலி வாங்கிய பனிச்சரிவுகளுக்குக் காரணமாயிற்று. புயல் வலுவிழந்தது என்ற செய்தி கடலோரத்துக்கு ஆறுதல். மலைநாட்டுக்கோ எச்சரிக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.