திறந்தவெளி அடைப்பில் முதலை வளர்ப்பு: வடநெம்மேலிப் பண்ணையின் வரலாறு

அரணை, ஓணான் போன்ற சிற்றுயிர்கள் முதல் முதலை வரை, ஊர்வன விலங்குகளைத் திறந்தவெளி அடைப்பில் கூட்டமாக வளர்ப்போர் மூன்று சிக்கல்களைச் சந்திக்கின்றனர். விலங்குகளுக்கு வெயிலும் நிழலும் ஒருங்கே கிடைக்க வேண்டும். பெரியவை சிறியவற்றைத் தாக்காமல் காக்க வேண்டும். பெருகும் குட்டிகளுக்கு இடம் காண வேண்டும். இம்மூன்றையும் தமிழ்நாட்டில் பெரிய அளவில் எதிர்கொண்ட இடம், சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் உள்ள சென்னை முதலைப் பண்ணை ஆகும்.

பின்னணி

இந்தியாவில் சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, சொம்புமூக்கு முதலை என மூவகை முதலைகள் உள்ளன. தோலுக்காக வேட்டையாடப்பட்டதாலும், முட்டைகள் எடுக்கப்பட்டதாலும், ஆறுகளில் அணைகள் எழுந்ததாலும் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இவை அருகிப்போயின. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலை வேட்டையைத் தடை செய்தது. 1975இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் உதவியுடன் நடுவண் அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்து, குட்டிகளை வளர்த்து, மீண்டும் நீர்நிலைகளில் விடுவதே அதன் வழிமுறை. தமிழ்நாட்டில் அமராவதி, சாத்தனூர், ஒகேனக்கல் ஆகிய இடங்களில் வனத்துறையின் முதலைப் பண்ணைகள் அமைந்தன.

தோற்றம்

கிண்டியில் பாம்புப் பண்ணை அமைத்த ரோமுலஸ் விட்டேக்கர், மனைவி சாய் விட்டேக்கருடனும் நண்பர்களுடனும் சேர்ந்து 1976இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையை நிறுவினார். இதன் ஆங்கிலப் பெயரில் ‘பேங்க்’ என்ற சொல் இருப்பது காரணத்தோடுதான். வங்கியில் போட்ட முதல் வட்டியுடன் வளர்வதுபோல, சில முதலைகளைக் காத்துப் பெருக்கி இயற்கைக்குத் திருப்பித் தருவதே நோக்கம்.

அடைப்பும் கூட்டு வாழ்க்கையும்

முதலைகளால் தம் உடல் வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்ள முடியாது. காலையில் கரையேறி வெயில் காயும். வெப்பம் மிகுந்தால் நீரிலோ நிழலிலோ ஒதுங்கும். ஆகவே ஒவ்வோர் அடைப்பிலும் குளம், மணற்பரப்பு, மரநிழல் ஆகிய மூன்றும் வேண்டும். சுற்றிலும் உறுதியான சுவரும் வேண்டும். கடலோர மணலும் தமிழகத்து வெயிலும் இதற்கு ஏற்றவையாக அமைந்தன.

சதுப்புநில முதலைகள் கூட்டமாக வாழக்கூடியவை. ஆயினும் அக்கூட்டத்தில் ஏற்றத்தாழ்வு உண்டு. வலிய ஆண் நெருங்கும்போது எளியது மூக்கை மேலே உயர்த்திப் பணிவைக் காட்டும். அல்லது விலகிச் செல்லும். விலகிச் செல்ல இடமில்லாத அடைப்பில் சண்டையும் காயமும் மிகும். பெரிய முதலைகள் குட்டிகளைத் தின்றுவிடும் என்பதால், வயதும் அளவும் பார்த்துத் தனித்தனியாகப் பிரித்து வைப்பது இவ்வளர்ப்பின் முதல் விதி.

இனப்பெருக்கம்

பெண் முதலை மணலில் குழி தோண்டி, ஒரு முறைக்கு ஏறத்தாழ 25 முதல் 30 முட்டைகள் இடும். இரண்டு மாத அளவில் அவை பொரிக்கும். இங்குள்ள பெண் முதலைகள் சில ஒரே பருவத்தில் இருமுறை முட்டையிட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். குட்டி ஆணா பெண்ணா என்பதை முட்டை இருக்கும் இடத்தின் வெப்பமே முடிவு செய்கிறது என்பது குறித்தும் இங்கு ஆய்வுகள் நடந்தன. சதுப்புநில முதலையில் 31 பாகை செல்சியசுக்குக் கீழ் பெண் குட்டிகளும், 32.5 பாகை அளவில் பெரும்பாலும் ஆண் குட்டிகளும் பிறக்கின்றன.

வெற்றியால் வந்த சிக்கல்

எதிர்பார்த்ததைவிட வேகமாக முதலைகள் பெருகின. ஆனால் அவற்றை விடுவதற்கான நீர்நிலைகள் பெருகவில்லை. ஆற்றங்கரைகளில் வயல்களும் குடியிருப்புகளும் நெருங்கின. இன்றும் கொள்ளிடக் கரை ஊர்களில், ஆற்றில் இறங்குவோர் முதலைக்கு அஞ்ச வேண்டிய நிலை உள்ளது. 1990களில் சதுப்புநில முதலைகளை இயற்கையில் விடும் பணி நின்றுபோனது. வங்கியில் முதலும் வட்டியும் சேர்ந்தன. எடுத்துச் செல்லத்தான் ஆளில்லை.

பண்ணையில் முதலைகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் உயர்ந்தது. அத்தனைக்கும் தீனி தருவது பெருஞ்செலவானது. மேலும் பெருகாமல் இருக்க, இட்ட முட்டைகளை அகற்ற வேண்டியதாயிற்று. அழிவிலிருந்து காக்க முட்டைகளைத் தேடிச் சேகரித்த காலம் மாறி, முட்டைகளைத் தவிர்க்கும் காலம் வந்தது. அண்மை ஆண்டுகளில், ஏறத்தாழ ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள மீட்பு மையத்துக்கு அனுப்ப மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் ஒப்புதல் அளித்தது.

வரலாறு காட்டுவது

நல்ல அடைப்பு, ஏற்ற வெயில், போதிய தீனி ஆகியவை இருந்தால் முதலையைப் பெருக்குவது அரிதன்று என்பதை வடநெம்மேலி மெய்ப்பித்தது. வளர்ந்த உயிர் திரும்பிச் செல்ல ஆறும் கரையும் எஞ்சியிருக்க வேண்டும் என்பதையும் அதுவே காட்டியது. சிறிய அரணையாயினும் பெரிய முதலையாயினும், கூட்டமாக வளர்க்கத் தொடங்கும் முன்பே குட்டிகள் எங்கே போகும் என்று கேட்டுக்கொள்வது நலம்.