காப்பியின் நிலமும் பெயரும்

நிலத்தின் இயல்பை அதன் உணவோடு சேர்த்து எண்ணுவது தமிழ் மரபு. தொல்காப்பியர் கருப்பொருள்களுள் உணவையும் ஒன்றாக வைத்தார். உரையாசிரியர்கள் குறிஞ்சிக்குத் தினையும் மருதத்துக்கு நெல்லும் உரியன என வகுத்துக் காட்டினர். காப்பியோ பண்டைத் தமிழகம் அறியாத பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அது தமிழர் இல்லங்களில் பரவலாயிற்று. பாலும் சர்க்கரையும் சிக்கரியும் கலந்து பருகும் நமக்கு, ஒரு மலையின் காப்பியை மற்றொரு மலையின் காப்பியினின்றும் வேறு பிரித்துச் சுவைக்கும் பழக்கம் புதியது. அப்பழக்கம் இன்று பரவி வருகிறது. அதனைப் பயில்வோர் காப்பியின் நிலப்பெயர்களை எவ்வாறு பொருள் கொள்ள வேண்டும் என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறைமுகப் பெயர்

காப்பியின் இடப்பெயர்களுள் நெடுங்காலமாகப் புகழ்பெற்றது மோக்கா. இஃது ஏமன் நாட்டின் செங்கடற்கரையில் உள்ள துறைமுகம். வெப்பம் மிக்க அத்தாழ்நிலத்தில் காப்பி விளைவதில்லை. உள்நாட்டு மலைகளின் படிவரிசைத் தோட்டங்களில் விளைந்த கொட்டை, பைத்துல் ஃபகீ என்னும் உள்நாட்டுச் சந்தைக்கு வந்து, அங்கிருந்து துறைமுகத்தை அடைந்து கப்பலேறியது. எத்தியோப்பியாவின் ஹரார்ப் பகுதிக் காப்பியும் பிற்காலத்தில் மோக்கா என்னும் பெயரோடு சேர்த்து விற்கப்பட்டது. எனவே, அப்பெயர் முதலில் விளைநிலத்தைக் குறித்ததன்று. ஏற்றிய துறையைக் குறித்தது என்பது தெளிவு.

ஜாவாவின் வரலாறு இதனினும் நுட்பமானது. டச்சுக்காரர் 1696-ஆம் ஆண்டில் மலபார்க் கரையிலிருந்து காப்பிச் செடிகளை ஜாவாவுக்கு அனுப்பினர். அவை அழியவே, 1699-இல் மீண்டும் அனுப்பினர். 1711-இல் ஜாவாக் காப்பி ஆம்ஸ்டர்டாம் நகரை அடைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலைத்துரு நோய் அத்தீவின் தாழ்நிலத் தோட்டங்களை அழித்தது. அங்கே அராபிகாவை நீக்கி முதலில் லைபீரிகாவையும், 1900-ஆம் ஆண்டை ஒட்டி ரொபஸ்டாவையும் நட்டனர். தீவும் பெயரும் மாறவில்லை, செடி மாறியது, செடியோடு சுவையும் மாறியது. ஒரே பெயர் இரு காலங்களில் இரு வேறு சுவைகளைக் குறிக்கக்கூடும் என்பதற்கு ஜாவா தக்க சான்றாகும்.

1869-ஆம் ஆண்டு

காப்பி வரலாற்றில் 1869-ஆம் ஆண்டு தனித்து நோக்கற்பாலது. அவ்வாண்டில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர், மேற்குக் கரையிலிருந்து ஐரோப்பா செல்லும் பாய்மரக் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பல திங்கள் கடலில் கழித்தன. ஈரக் காற்றில் கொட்டைகள் பருத்து, பசுமை நீங்கி வெளிர்மஞ்சள் நிறம் பெற்றன, புளிப்புக் குறைந்தது. ஐரோப்பியர் அச்சுவைக்கே பழகினர். கால்வாயும் நீராவிக் கப்பலும் பயணத்தைச் சுருக்கியபின் கொட்டைகள் நிறம் மாறாமல் சென்று சேர்ந்தன; வாங்குவோரோ பழைய சுவையை நாடினர். ஆகவே, மங்களூர் முதலிய கரையோர ஊர்களின் கிடங்குகளில், தென்மேற்குப் பருவக் காற்றில் கொட்டைகளைப் பரப்பி ஈரமேற்றும் முறை தோன்றியது என வணிகர் மரபு கூறும். இதுவே இன்று மான்சூன்ட் மலபார் எனப்படுவது. இதன் தனிச்சுவைக்கு மண்ணைவிடக் கடற்காற்றே பெரிதும் காரணம்.

அதே ஆண்டில் இலங்கைத் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. அந்நாளில் உலகின் முன்னணிக் காப்பி ஏற்றுமதி நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அத்தொழில் நலிந்து, காப்பி நின்ற சரிவுகளில் தேயிலை நின்றது. அவ்வாண்டிலேயே ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய கோப்பிக் கிருஷிக் கும்மி யாழ்ப்பாணத்தில் அச்சேறியது. காப்பிப் பயிர்த்தொழிலைத் தமிழ்க் கும்மிப் பாவில் பாடும் அந்நூல் வெளிவந்தபோதே, அப்பயிரை அழிக்கவிருந்த நோயும் தலைகாட்டிவிட்டது.

அத்தோட்டங்களில் உழைத்தோர் பெரும்பாலும் தமிழகத்தின் தென்மாவட்ட மக்கள். காப்பி பறிக்கும் பருவத்தை நோக்கிக் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காடுகளின் ஊடே மலைநாட்டுக்கு நடந்தனர். வாந்திபேதியாலும் அம்மையாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அந்நாளைய இலங்கைக் காப்பியின் சுவையை இன்று மீட்டல் அரிது. ஆயின் அதனை விளைவித்தோர் மொழியில் எழுந்த நூல் நம் கையில் உள்ளது. காப்பியின் நிலத்தைப் பற்றிப் பேசுவோர், அந்நிலத்தில் உழைத்தோரை விட்டுப் பேசுவது குறைபாடுடைத்து என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

கடைச் சொற்கள்

இனித் தமிழகக் கடைகளில் வழங்கும் சொற்களை நோக்குவோம். பீபரி என்பது, வழக்கமாக இரு கொட்டைகள் இருக்கும் கனியுள் ஒன்றே உருண்டு விளைந்ததைக் குறிக்கும். பிளாண்டேஷன் என்பது, கனியின் சதையை நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய அராபிகாவைக் குறிக்கும் வணிகச் சொல். அதனை அடுத்து வரும் ஏ, பி என்னும் எழுத்துகள் கொட்டையின் அளவு முதலிய தரத்தைச் சுட்டும். இவற்றுள் ஒன்றேனும் மலையின் பெயரன்று. சேர்வராயன், பழனி, நீலகிரி, ஆனைமலை ஆகிய மலைகளில் காப்பி விளைந்தும், அம்மலைப் பெயர்கள் பருகுவோர் நாவில் ஏறாமல் போனமைக்குக் காரணம் யாது?

பெருங்காரணம் ஒன்று வணிக அமைப்பில் உள்ளது. இரண்டாம் உலகப் போரால் ஐரோப்பியச் சந்தை அடைபட்டபோது, விளைச்சலைக் காக்கப் பொதுத் தொகுப்பு முறை ஏற்பட்டது. 1942-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நிலைப்படுத்தியது. விளைவித்தோர் தம் காப்பியைக் காப்பி வாரியத்திடம் ஒப்படைக்க, அது தரம் பிரிக்கப்பட்டுப் பொதுவில் ஏலம் விடப்பட்டது. விலை வீழ்ச்சியிலிருந்து அம்முறை அவர்களைக் காத்தது உண்மை. ஆயினும் தரம் நிலைத்தது. தோட்டத்தின் அடையாளம் மறைந்தது. தொண்ணூறுகளில் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996-இல் விற்பனை முழு உரிமை பெற்றது. 2019-இல் குடகு, சிக்கமகளூர், பாபாபுதன்கிரி, அரக்குப் பள்ளத்தாக்கு ஆகியவற்றின் அராபிகாவுக்கும் வயநாட்டு ரொபஸ்டாவுக்கும் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இவ்வைந்தனுள் தமிழக மலை ஒன்றும் இடம்பெறாமை நாம் கருதத்தக்கது.

பயிலும் முறை

வேறுபாடு அறிய விரும்புவோர் பாலையும் சிக்கரியையும் சிறிது நேரம் விலக்குதல் வேண்டும். ஒத்த அளவில் வறுத்த இரண்டு மூன்று நிலத்துக் காப்பிகளை அரைத்து, 150 மில்லி லிட்டர் நீருக்கு 8.25 கிராம் என்னும் அளவில் தனித்தனிக் கிண்ணங்களில் இட்டு, சுடுநீர் ஊற்றி, நான்கு நிமிடம் கழித்து மேற்படலத்தைக் கரண்டியால் விலக்கி மணம் நோக்குதல் தொழில்முறைச் சுவைஞர் வழக்கம். பின்னர் ஆறவிட்டுச் சிறிது சிறிதாக உறிஞ்சி ஒப்பிடுவர். எத்தியோப்பியாவின் இர்காச்செஃபேக் காப்பியில் மலர்மணமும் எலுமிச்சையை ஒத்த புளிப்பும் தோன்றும். ஈரம் உலருமுன்னரே தோல் நீக்கப்படும் சுமத்திராக் காப்பியில் மண்வாசமும் கனமும் மிகும். மான்சூன்ட் மலபாரில் புளிப்பு அரிதாகும்.

இங்கு நமக்கு ஓர் இடர் உண்டு. காப்பியில் புளிப்பு என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது திரிந்த பால். உயர்ந்த மலையின் குளிரில் மெல்லப் பழுத்த கனி தரும் புளிப்போ குற்றமன்று, குணமே. எனவே, எலுமிச்சை, நாரத்தை, புளியம்பழம் என நாம் அறிந்த பொருள்களோடு ஒப்பிட்டு அப்புளிப்பை வேறு பிரித்துச் சொல்லப் பழகுதல் நன்று. அறுசுவை வகுத்த மொழிக்கு இஃது அரிய செயலன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், காப்பியின் இடப்பெயர் மண்ணை மட்டும் குறிப்பதன்று என்பது புலனாகும். செடியின் இனம், பதப்படுத்திய முறை, சென்ற வழி, வணிகச் சட்டம், உழைத்த மக்கள் ஆகிய யாவும் அப்பெயருள் அடங்கும். சுவையைப் பயில்வோர் நாவோடு இவ்வரலாற்றையும் துணைக்கொள்வாராயின், சேர்வராயன் மலையின் காப்பியும் தன் பெயராலேயே தமிழர் இல்லங்களில் அறியப்படும் நாள் வரும்.