துண்டுச் சீட்டும் தோட்டக் கூலியும்

மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக நடந்து வந்த தமிழ்த் தொழிலாளருக்கு மலைநாட்டின் வாயிலாக விளங்கியது மாத்தளை. அவர்களுக்கு முன்னரே அவர்களது கடன் தோட்டத்தை வந்தடைந்தது எனலாம். பயணச் செலவும் வழிச்சோறும் கங்காணி தந்த முன்பணமாகக் கணக்கில் ஏறின.

தோட்டத்தில் செக்குரோலில் பெயர் பதிந்தவர் துரை. கூலியோ பெரும்பாலும் கங்காணியின் கைவழியே சென்றது. அவர் தம் கடனைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். உழைத்தவன் தன் வருவாயின் அளவை அறிய வழி அரிதாயிற்று.

வேறு தோட்டம் செல்ல விரும்பினால் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் கங்காணியும் அவர் கூட்டமும் விடுவிக்கப்படுவர் எனத் துரை எழுதித் தரும் சீட்டு அது. புதிய துரை அத்தொகையைச் செலுத்துவார். கடன் அவர் ஏட்டுக்கு மாறும். ஆட்பஞ்சம் மிகுந்தபோது துரைமார் போட்டியிட்டு முன்பணத்தை உயர்த்தினர். உயர்ந்த கடனின் சுமை தொழிலாளர் தலையிலேயே விழுந்தது.

1921ஆம் ஆண்டின் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1927ஆம் ஆண்டின் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிக்கு வழிசெய்தது. 1929இல் ஆண்களின் நாட்கூலி மலைநாட்டில் 54 சதம், இடைநாட்டில் 52 சதம், தாழ்நாட்டில் 50 சதம் என வகுக்கப்பட்டது.

தொகை சிறிதே. ஆயினும் உழைத்தவன் தன் கூலி இவ்வளவெனச் சொல்லிக் கேட்பதற்கு, அன்று ஓர் அளவுகோல் பிறந்தது. கூலி எவ்வளவு என்பதோடு, அது யார் கைவழியே வருகிறது என்பதும் உழைப்பவனின் உரிமையைத் தீர்மானிக்கும் என்பதே துண்டின் வரலாறு புகட்டும் பாடம்.